பொடி சுற்றிப் போன கடைசி அத்தியாயம்

1. கொம்பனி ஆட்சிக் காலம். ஏழைப் பெண்ணொருத்தி மலையடிவார மாளிகைக்கு இரண்டாந்தாரமாக வருகிறாள்.
2. முதல் மனைவி இறந்துவிட்டாள் என்கிறார்கள். ஆனால் அவளுடைய பூட்டிய அறையில் அந்தியானால் விளக்கு எரிகிறது.
3. கணவன் உண்மையான ஜமீன்தார் அல்ல; அவர் பெயரில் வாழ்கிறவன். தெரிந்த பிறகும் அவளால் அவனை வெறுக்க முடியவில்லை.
4. அந்த அறைப் பூட்டின் திறப்பைத் திருடிக்கொண்டு மாடி ஏறுகிறாள்.
5. அந்த இடத்தில் நோயாளர் வந்துவிட்டதால் வாசிப்பை நிறுத்தி, மருந்து கலக்க உள்ளே போனேன்.
6. திரும்பி வந்தபோது மீதித் தாள்கள் மேசையில் இல்லை.

நெடுங்கேணி டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பது என் வேலை; ஊருக்கு நான் 'மிஸி'. வாரப் பத்திரிகையில் வந்த அந்தத் தொடர்கதையைப் புளியங்குளத்திலிருக்கும் என் அக்கா, தான் கதை வாசிக்காதவர், எனக்காகக் கிழித்துச் சேர்த்துத் தைக்காமலே பஸ்ஸில் அனுப்பியிருந்தார். பழைய பத்திரிகைத் தாளைச் சனங்கள் எங்களிடம் கொண்டுவந்து தருவது வழக்கம். மருந்துப் பொடியை வெள்ளைத் தாளில் மடித்து, மடிப்புகளைச் சேர்த்து அந்தப் பத்திரிகைத் தாளால் சுற்றிக் கொடுப்போம். டிஸ்பென்சரியில் உதவிக்கு நிற்கும் பணியாளர் அம்மா அன்றும் அப்படித்தான் செய்திருந்தார்.

"பழைய கடதாசியெண்டெல்லோ நினைச்சன், மிஸி. கதையெண்டா அலுமாரிக்கை வைச்சிருக்கவேணும்."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அளந்த மருந்தை மறுபடி அளந்தேன். வாசற் படலை அசைந்தால் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் முறை மருந்துக்கு வருபவர்களிடம் சுற்றிய தாளைக் கேட்டேன். முதலில் கொண்டுவந்தவர் வயலிலிருந்து வந்த ஒரு கமக்காரர்.

"காய்ச்சல் விட்டிட்டுது, மிஸி. நெருப்பு வைச்சது ஆர்?"

"என்ன நெருப்பு?"

"மாளிகை எரியுதெல்லோ. நீங்கள் இன்னும் அதுக்கு வரேல்லையோ?"

"மிஸிக்கு மருந்துதான் தெரியும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை சிரித்தது.

தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாளிகை எரிந்தது, அவனும் அவளும் தப்பினார்கள். ஆனால் கதையில் எல்லோரும் 'அந்த அறையில் கண்டவர்' என்றே பேசுகிறார்கள், பெயர் இல்லை. பெயர் இருக்கவேண்டிய, இன்னும் வராத ஒரே தாள், பிள்ளைக்கு வயிற்றுவலியென்று வந்த தாயொருத்தியிடம் போயிருந்தது. அவரைச் சந்தையடியில் கண்டேன்.

"பிள்ளைக்கு அண்டைக்கே சுகமாப்போச்சு. பொடியைப் பிரிக்கேல்லை. இன்னொருக்கா நொந்தா உதவுமெண்டு பெட்டிக்கை வைச்சிருக்கிறன்."

"சுத்தின தாளில என்ன கிடக்கு?"

"'கதவு திறந்தது' எண்டு கிடக்கு. மிச்சம் உள்ளுக்கை மடிஞ்சுபோச்சு."

"புதுப் பொடி தாறன். அதைக் கொண்டுவாங்கோ."

"தண்ணீரூற்றிலை இருக்கிற அம்மா வீட்டை போறன். வந்து தாறன். என்ன அவசரம் மிஸி, பிள்ளை விளையாடித் திரியுது."

மாற்றுப் பொடியை வெள்ளைத் தாளிலேயே சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். அவர் இன்னும் திரும்பவில்லை. அந்தப் பூட்டிய அறையில் விளக்கு ஏற்றியது யாரென்று எனக்குத் தெரியாது.