இராத்திரிப் பாலை ஒப்படைக்கும் நேரம்

எங்கள் மகன் பிறந்த முதல் மாதம் இரவில் எப்படி இருந்தான் என்று யாராவது கேட்டால், நான் சொல்வதெல்லாம் கேள்விப்பட்டதுதான். ஒரு இரவைக்கூட நான் பார்த்ததில்லை. பெற்றவள் நான். ஆனால் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அவன் என் கணவரின் பிள்ளை.

காரணம் என் வலிப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்தது. மாத்திரைக்கு அடங்கி, நான்கு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தூக்கம் கெட்டால் அதற்குப் பொறுக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். “ராத்திரி ஒருத்தர் எழுந்து பால் கலக்கிக் குடுக்கணும்மா. அந்த ஒருத்தர் நீங்க இல்ல.” நின்றுகொண்டு குழந்தையைத் தூக்கி வைத்திருக்கக் கூடாது, தனியாகக் குளிப்பாட்டக் கூடாது, பகலில் பால் கொடுத்தாலும் தரையில் மெத்தை போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். தாய்ப்பாலும் எனக்குப் பேருக்குத்தான் சுரந்தது. ஆக, போத்தல்தான் என்று ஆகிவிட்டது.

காரில் ஏறியதும் ஆரம்பித்தேன். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு வந்து சேரும்வரை வாய் ஓயவில்லை. “பாலும் இல்ல, ராத்திரியும் இல்ல. அப்புறம் நான் என்னத்துக்கு அம்மா? பேருக்கா?” சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாவற்றிலும் அழுதேன். என் கணவர் பாயான் பாரு தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி டெக்னீஷியன். பத்து வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். அவருக்குப் பொறுமை பிறவியிலேயே வந்தது, எனக்கு வாய் வந்தது மாதிரி. “எனக்கு ராத்திரின்னா ஆபீஸ் டைம்லா. நீ கவலைப்படாதே” என்றார். வருட விடுப்பு அத்தனையையும் திரட்டி ஒரு மாதம் வீட்டில் இருக்க ஏற்பாடு செய்திருந்தார்.

அன்று மாலையே அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் மெஷினை ஒப்படைக்க வேண்டுமாம். எது ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று நேருக்கு நேர் நின்று சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. “இனி நம்ம வீட்டுலயும் அப்படித்தான். ராத்திரிக்கு வேண்டியதையெல்லாம் நீ ரெடி பண்ணி என்கிட்ட ஒப்படை. காலையில ராத்திரியை நான் உன்கிட்ட ஒப்படைக்கிறேன்.”

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். வேறு என்ன இருந்தது எனக்கு?

மாலை ஏழு மணிக்குச் சமையலறையில் இறங்குவேன். நான்கு போத்தல், நான்கு மூடி, நான்கு ரப்பர். பிரஷ் விட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரில் மூழ்கடித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத் துணியில் கவிழ்ப்பேன். பால்மாவு போட்டு வைக்கச் சின்ன அறைகள் உள்ள டப்பா ஒன்று இருந்தது. ஒவ்வொரு அறையிலும் மூன்று கரண்டி, கத்தியின் முதுகால் வழித்துத் தட்டையாக. எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால் தொலைந்தார்கள், கொட்டிவிட்டு முதலிலிருந்து எண்ணுவேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றுவேன். போத்தலை ஆறவைக்க ஒரு கிண்ணத்தில் பச்சைத்தண்ணீர், வாய் துடைக்கத் துணி, டயபர், எல்லாம் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில், அவர் இருட்டில் கையை நீட்டினாலும் அகப்படுகிற வரிசையில்.

அந்த மூன்று கரண்டி மாவைப் பார்த்து நான் பிரமித்து நின்ற நாட்கள் உண்டு. என்ன இருக்கிறது அதில்? சுண்டினால் பறக்கிற தூள். சாயங்காலம் டப்பாவில் இருப்பது, விடிந்ததும் ஒரு மனிதனின் கன்னமாக மாறியிருக்கும். நேற்று என் சுண்டுவிரலைச் சுற்றிய விரல்கள் இன்று இறுக்கிப் பிடிக்கும். அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், அடுப்படியில் தனியாக.

பத்து மணிக்கு ஒப்படைப்பேன். மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் படுப்பேன். அவரும் குழந்தையும் கூடத்தில். கதவைச் சாத்தச் சொல்லி உத்தரவு. முதல் சில நாள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன், பிறகு மாத்திரை ஜெயித்துவிடும்.

காலையில் அவர் பல் துலக்குவதற்கு முன்பே ஒப்படைத்துவிடுவார். அவர் பேச்சில் அலங்காரமே கிடையாது. “பத்தே முக்கால், தொண்ணூறு மில்லி. ஏப்பம் லேட்டு. ரெண்டு மணி, எழுபதுதான். நடுவுல நிறுத்திட்டு ஃபேனைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். நாலே முக்கால், தொண்ணூறு. விக்கல். அஞ்சரைக்குத் தூக்கத்துல சிரிச்சான்.”

“எந்தப் பக்கம் சிரிச்சான்?”

“இடது பக்கம் கொஞ்சம் தூக்குன மாதிரி.”

நான் வாய் பிளந்து கேட்பேன். என் வீட்டுக் கூடத்தில், என் தலையிலிருந்து பத்தடி தள்ளி, இவ்வளவு பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன! கீழே மார்க்கெட்டுக்குச் சாமான் இறக்கும் லோரிச் சத்தம் கேட்கும். மலைப்பக்கம் மூடுபனி கலையாமல் இருக்கும். நான் அவர் சொன்ன சிரிப்பை மனத்துக்குள் வரைந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாம் சரிதான். ஆனால் மூன்றாவது வாரம் ஒன்று தெளிவாகிவிட்டது. என் மகன் என் கையில் அழுகிறான், அவர் கைக்குப் போனால் அடங்குகிறான்.

சாயங்காலமானால் அவன் அழுவான். நான் மெத்தையில் உட்கார்ந்து, அவன் மிரளக் கூடாதென்று வாய் திறக்காமல் மடியில் போட்டுத் தட்டுவேன், அழுகை ஏறும். அவர் வந்து தூக்கித் தோளில் சாய்த்ததும், சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும். இராத்திரியெல்லாம் அந்தத் தோள்தானே அவனுக்கு. நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் வலிக்காதா? கிளினிக்கில் எடை பார்த்த நர்ஸ் மிஸ்ஸி, “பாபா நல்லா ஏறியிருக்கு. அப்பாகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சுலா” என்று சந்தோஷமாகச் சொன்னபோது சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிள்ளைக்கு என்னைத் தெரியவில்லை. போத்தல் கழுவுகிற பெண்பிள்ளை ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

பட்டர்வொர்த்திலிருக்கும் என் நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். “நீ தொண்டையைத் திறந்தா ஃபெர்ரி ஜெட்டி வரைக்கும் கேக்கும். பச்சப்புள்ள பயப்படாதா? மெதுவா பேசு, கொஞ்சிப் பேசு” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் வானொலி அறிவிப்பாளர் ஆகிவிட்டேன். “கண்ணா, செல்லமே, அம்மா வந்திருக்கேன் பாருங்க” என்று தேன் தடவிய குரலில் பேசினேன். எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவன் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. கணவர்கூட, “உடம்புக்கு ஏதும் முடியலையா? சத்தத்தையே காணோம்?” என்று கேட்டார்.

இருபத்து நான்காம் நாள். எட்டரை மணிப் பாலுக்கு அவன் கத்த ஆரம்பித்துவிட்டான். அதுதான் நான் தூங்கப் போவதற்கு முந்திய கடைசிப் பால். அதை நான்தான் கொடுப்பேன், அவர் கலக்கித் தருவார். நான் மெத்தையில் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு, மறுகையால் ஃபிளாஸ்க்கைச் சாய்த்து, மாவைக் கொட்டி, குலுக்கி, ஆறவைத்து, இரண்டையும் என்னிடம் கொண்டுவந்தார். குழந்தையை மடியில் வாங்கினேன். போத்தலை வாய்க்குக் கொண்டுபோனேன். ரப்பர் அவன் உதட்டில் பட்டுவிட்டது. அப்போதுதான் பார்த்தேன். பால், இழுத்து ஆற்றிய தேத்தாரே டீயின் நிறத்தில் இருந்தது.

பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டி பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று சிவப்புப் பேரீச்சையும் லோங்கான் பழமும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அன்று தன்னுடைய ஃபிளாஸ்க்கிலேயே கொண்டுவந்து கொடுத்திருந்தார். வாங்கியவர் இவர். வாங்கிய மனிதர் அதை எங்கே வைத்தார்? என் தட்டில். வெந்நீர் ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில். இருபத்து நான்கு நாள் குழந்தைக்குப் பேரீச்சைக் கஷாயத்தில் பால் கலந்திருக்கிறார், பத்து வருடம் தப்பில்லாமல் மெஷின் ஓட்டிய டெக்னீஷியன்.

போத்தலைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது.

“யோவ்! கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு? இது தண்ணியா? பாத்தா தண்ணி மாதிரியா இருக்கு? என் தட்டுல எதையும் வைக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? பச்சப்புள்ள வாய்க்குப் போயிருந்தா என்னய்யா பண்ணுவே? தூக்கக் கலக்கமா இருந்தா சொல்லித் தொலைய வேண்டியதுதானே!”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் பேயறைந்ததுபோல் நின்றார். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோதுதான் தெரிந்தது, வீட்டில் வேறு சத்தமே இல்லை.

குழந்தை அழவில்லை.

குனிந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரை இல்லை, ஃபேனை இல்லை, என் முகத்தை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வாயைச் சின்ன வட்டமாகத் திறந்து, எங்கேயோ பார்த்த ஆளை இனம் கண்டுகொண்ட முகம்.

“நிறுத்தாதே. திட்டு” என்றார் கணவர், ரகசியமாக.

பிறகுதான் உறைத்தது. ஒன்பது மாதமும் அவன் கேட்ட குரல் இதுதானே! நான் வேலை பார்த்த கூரியர் கடை கவுன்டரில் வரிசை தாண்டி வருகிறவனை விரட்டியது, தவறான முகவரி எழுதியவரோடு மல்லுக்கு நின்றது, வீட்டுக்கு வந்து இவரை ஈரத் துண்டுக்காகக் காய்ச்சியது. உள்ளே இருந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான். பிறந்தபிறகு என் மடியில் அந்தக் குரலைக் காணாமல், கொஞ்சுகிற இந்தப் பொம்பளை யார் என்று பயந்து அழுதிருக்கிறான். அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது. நான்தான் ஒளித்து வைத்திருந்தேன்.

அவர் ஓடிப்போய்ப் புதிதாகப் பால் கலக்கி வந்தார். எங்கள் கல்யாண ரிசெப்ஷனுக்கு அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததிலிருந்து ஆரம்பித்துத் திட்டினேன். கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர், வாயில் திட்டு. என் மகன் என் வாயையே பார்த்தபடி, தொண்ணூறு மில்லியையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

பத்து மணிக்குத் தட்டை ஒப்படைத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. போனை நீட்டினார். “ரெண்டு மணிக்குத்தான் சரியா குடிக்க மாட்டேங்கிறான். இதுல கொஞ்சம் திட்டிக் குடு.”

“விளையாடுறீங்களா?”

“நெஜமாதான். நீ தூங்கு. உன் குரல் வரட்டும்.”

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தால்தானே! உலகத்தில் யார்மேலும் எனக்கு அப்போது கோபம் இல்லை. அவர் யோசித்துவிட்டு, “உன் சாம்பாரைவிட எங்கக்கா சாம்பார் நல்லாத்தான் இருக்கும்” என்றார். போதுமே. மூன்று நிமிடம் பதிவானது.

மறுநாள் காலை கண் விழித்ததும் கூடத்துக்கு ஓடினேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல். வழக்கம்போல் ஒப்படைத்தார். “பத்தரை, தொண்ணூறு. ரெண்டு மணி, தொண்ணூறு.”

“முழுசாவா?”

“முழுசா. உன் குரலைப் போட்டேன், வாயைத் திறந்துட்டான்.” பிறகு குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு இப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. “குடிச்சு முடிச்சதும் தலையை இந்தப் பக்கம் திருப்புனான். அந்தப் பக்கம் திருப்புனான். உன்னைத் தேடுனான்.”

“என்ன பண்ணினான்?”

“தேடுனான்.”

நான் அதை அவரிடம் நான்கு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.