தம்பியின் தளமும் அண்ணனின் பெட்டியும்

கதவு, ஜன்னல் செய்யும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளைப் பாஸ்வேர்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதை மறந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வந்து நிற்க வேண்டும். ஆர்டர் எழுத வேலைக்குச் சேர்ந்தவள். வெப்சைட் போட்டுத் தந்த ஆள் பாதியில் கம்பி நீட்டிவிட, தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டு பதினோரு வருஷமாக அதைக் கட்டி மேய்த்தாள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கம்பெனி. இந்த வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் பிரிந்தார்கள். பழைய டொமைன், அதாவது தளத்தின் முகவரி, அண்ணனுக்கு. தளத்தின் நகல் ஒன்றை எடுத்துத் தம்பி தன் புது டொமைனில் வைத்துக்கொள்ளலாம் என்று வக்கீல் முன்னால் கையெழுத்தானது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் பழைய சர்வரில் கை வைக்கக் கூடாது. அவள் தம்பி பக்கம் போவாள் என்பதும் அங்கேயே முடிவானது. அவளை யாரும் கேட்கவில்லை.

வெள்ளி காலை அண்ணனின் மேனேஜர் அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எதையெல்லாம் எடுக்கறீங்கன்னு நான் பாக்கணும்."

"நல்லா பாருங்க. கண்ணு வலிச்சா கழுவிக்கத் தண்ணி அங்க இருக்கு."

பேக்கப் முடிந்தது என்று திரை சொன்னது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நாலாயிரம் படம் உள்ள தளத்தின் நகல் ஒரே ஒரு பாட்டு ஃபைல் அளவுக்குத்தான் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே எழுத்து மட்டும், படங்களைக் காணோம். சர்வரில் இடம் நிரம்பி, வேலை பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

"வேண்டாத பழைய ஃபைல் கொஞ்சம் அழிச்சா இடம் கிடைக்கும்," என்றாள்.

"எங்க சர்வர்ல ஒரு தூசியைக்கூட அழிக்கக் கூடாது."

வேறு வழியில்லை. ஒவ்வொரு வருஷத்துப் படத்தையும் தனித்தனியாகத் தன் கணினிக்கு இறக்கினாள். சாப்பிட எழுந்திருக்கவில்லை. கடைசி வருஷம் இறங்கி முடிந்தபோது மணி நாலு ஐம்பது. மேனேஜர் ஒயரைப் பிடுங்காத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் தம்பியின் புது ஆபீசில் முகப்புப் பக்கம் அழகாகத் திறந்தது. தம்பி குனிந்து 'கதவுகள்' என்பதை அழுத்தினார். அண்ணனின் தளம் வந்து நின்றது, நேற்றுதான் அண்ணன் புதிதாகப் போட்ட சிரித்த முகப் படத்தோடு.

"அவன் மூஞ்சி ஏன் இங்க வருது?"

"லிங்க் எல்லாத்துலயும் பழைய முகவரி இருக்கு சார். மாத்திடறேன்."

"நீ அவன் ஆளுதானே? உண்மையச் சொல்லு."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ஆத்திரத்தில் பழைய முகவரியை மொத்தமாக ஒரே அடியில் புதியதாக மாற்றினாள். தளம் குப்புற விழுந்தது. மெனு போச்சு, பாதிப் படம் போச்சு. புதுப் பெயரில் நாலு எழுத்து அதிகம். செட்டிங்கில் ஒவ்வொரு முகவரிக்குப் பக்கத்திலும் அது எத்தனை எழுத்து என்ற கணக்கும் பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கு இடித்தது. இது புரியவே அவளுக்கு ராத்திரியாகிவிட்டது. ஞாயிறன்று முதலிலிருந்து நகலை ஏற்றி, எழுத்துக் கணக்கையும் சேர்த்துத் திருத்தும் கருவியால் மாற்றினாள். மதியத்துக்குள் எல்லாப் பக்கமும் ஒழுங்காக நின்றது.

புதன்கிழமை தம்பி அவள் மேஜைக்கு வந்து கத்தினார். "மூணு நாளா ஒரு ஆள்கூட விலை கேக்கல! என்னதான் பண்ணி வெச்சிருக்க?"

தளத்தில் விலை கேட்கும் ஃபார்மை வாடிக்கையாளர் மாதிரி அவளே நிரப்பி அனுப்பிப் பார்த்தாள். அனுப்பியாகிவிட்டது என்று திரை காட்டியது. தம்பியின் மெயிலுக்கு ஒன்றும் வரவில்லை. பத்தே நிமிஷத்தில் அவள் ஃபோன் அடித்தது. அண்ணன்.

"என்ன, உனக்கே கதவு வேணுமா?"

அவள் செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். ஃபார்ம் போய்ச் சேர வேண்டிய மெயிலை மாற்ற மறந்திருந்தாள்; அங்கே இன்னும் அண்ணனின் மெயில்தான் இருந்தது.

"சார், அதெல்லாம் தம்பி சாருக்கு வந்தது."

"என் பெட்டிக்கு வந்தா என்னுது. நீ கண்டுக்காம விட்டுடு. உன் பழைய மேஜை காலியாத்தான் இருக்கு."

"அந்த மேஜைய நீங்களே வெச்சுக்கோங்க."

மெயிலைத் திருத்தினாள். ஃபார்மில் வருவதற்கெல்லாம் தளமும் ஒரு பிரதி வைத்திருந்தது. அவள் அனுப்பியதைத் தவிர, விலை கேட்டு வந்தவை பத்தொன்பது. அவற்றை அச்செடுத்துத் தம்பியின் முன் வைத்தாள்.

"மாத்தாம விட்டது என் தப்பு. எடுத்துப் படிச்சது அவரு தப்பு."

"மூணு நாளு அவனுக்கு ஊட்டி விட்டுட்டு, இப்ப நல்லவ வேஷமா?"

 அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க கையாலயே பாஸ்வேர்டு மாத்துங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்." அவர் தட்டி முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு டிராயரைக் காலிசெய்து பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அவளைப் பற்றி அண்ணனும் ஊரெல்லாம் பேசுகிறார், தம்பியும் பேசுகிறார்.

"ரெண்டு பேரும் துரோகின்னு ஒரே வார்த்தையச் சொல்லித் திட்டறாங்களே, பேசி வெச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டான் புருஷன்.

"இதுலயாவது ஒத்துப்போகட்டும்," என்று அவள் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.