படுதாக்குளத்துக்குச் சுருளியம்மாள் சொன்ன சாட்சி

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களில் சுருளியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் தண்ணீர் ஆராய்ச்சிக்கு வந்த ஜோமோள் டீச்சர் அவளைத் தேடிப் பிடித்தாள். தார்ப்பாய் விரித்துத் தேக்கிய படுதாக்குளத்திலிருந்துதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குடிநீர். ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தை அதன் கரையிலேயே கலக்குகிறார்கள். அது தண்ணீரில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க டீச்சர் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தாள். நல்ல தண்ணீரில் முக்கினால் நீலமாகும். மருந்து இருந்தால் காகிதத்தில் தடவிய நொதி செத்து, வெள்ளையாகவே நிற்கும்.

"சுருளிச்சேச்சி சொன்னா லயத்துல எல்லாரும் நம்பும்" என்றாள்.

மருந்தடிக்கும் நாளில் பெண்களைக் குளத்துப் பக்கம் விடமாட்டார்கள். வேறு காட்டுக்குக் காயெடுக்க அனுப்பிவிடுவார்கள். ஆனால் அன்றைக்குத்தான் தண்ணீர் பிடித்தாக வேண்டும். மருந்தடிப்பவர்களில் அவள் புருஷன் காளிச்சாமியும் ஒருவன். பிறகென்ன கவலை? தண்ணீர் பிடித்து வர ஒரு பாட்டிலை அவனிடமே கொடுத்தாள்.

ஒவ்வொரு தடவையும் காகிதம் பளிச்சென்று நீலமானது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லயம் முழுக்க நடந்தாள். "பயப்படாமக் குடிங்கடி, நான் பொறுப்பு." தண்ணீர் குமட்டுகிறது என்ற பக்கத்து வீட்டு மாரீஸ்வரியை, "ஒனக்கு நாக்கு சரியில்ல" என்று கேலி வேறு.

அப்புறம் அவள் மகளே வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தாள். மனசு கேட்காமல் வீட்டுக் குடத்தில் ஒரு காகிதத்தை முக்கினாள். வெள்ளை. இன்னொன்று. அதுவும் வெள்ளை. காகிதம்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தாள், பாவி மனுஷி. புருஷனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

காளிச்சாமி வேலை முடிந்து வந்தான். தோளில் மலையூற்றில் பிடித்த தண்ணீர் பாட்டில். கொஞ்ச நாளாகவே அவன் வீட்டுக் குடத்தைத் தொடுவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாட்டிலைப் பிடுங்கிக் காகிதத்தை முக்கினாள். நீலம்.

"இந்தத் தண்ணியத்தான எனக்கும் பிடிச்சுத் தந்தீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரிசல்ட் நல்லா வந்தா சூப்பர்வைசர் ஆக்குறேன்னாரு மொதலாளி. நம்ம நல்லதுக்குத்தான், சுருளி…"

அவள் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள்.

"நல்லதுதான? இந்தா, குடிய்யா."

அவன் கை நீளவில்லை.

சொம்போடு வாசலுக்கு வந்தாள். "ஏ மாரீஸ்வரி! ஒன் நாக்கு சரிதான்டி. எல்லாரையும் வரச்சொல்லு. நான்தான பொறுப்புன்னு சொன்னேன்."