மூணாவது வரிசையில் நின்ற ஆள்

என் வீட்டுக்காரர் கையை எனக்கு நல்லாத் தெரியும். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். சின்னதில் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும்போது போனதாம். தாலி கட்டின அன்றைக்குக் குனிந்த தலையோடு நான் பார்த்தது அந்தக் கையைத்தான். அப்புறம் சோறு போடும்போதும் அதுதான் கண்ணுக்கு நேரே இருக்கும். புருசன் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற வழக்கம் மாமியார் இருந்த வீட்டில் கிடையாது.

அவருக்குக் கோயம்புத்தூரில் பஞ்சு மில்லில் வேலை. ஆடித்தபசுக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை சங்கரன்கோவிலுக்கு வருவார். அப்படி நாலு வருசம்தான். மஞ்சக்காமாலையில் அங்கனயே போய்விட்டார். நான் அப்போது பனவடலிசத்திரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். தந்தி சங்கரன்கோவிலுக்குப் போய்ச் சுற்றி என் கைக்கு வருமுன்னே அடக்கமும் முடிந்துவிட்டது. மகளுக்கு ஒன்றரை வயசு. எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கவில்லை. அவர் படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை.

பூக்கடை வைத்து மகளை வளர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. சின்னப் பிள்ளையில் அவள், "அப்பா எப்படிம்மா இருப்பாரு?" என்று கேட்பாள். "நல்ல உசரமா இருப்பாரு" என்பேன். பாதி விரலைப் பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதுக்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

இப்போது அவள் மகனோடு குடியிருப்பதும் கோயம்புத்தூரில்தான். போன வருசம் போன் பண்ணினாள்.

"எம்மா, இங்கன பழைய மில்லையெல்லாம் கூட்டமாக் கூட்டிட்டுப் போயிக் காட்டுதாங்க. அப்பா வேல பாத்த மில்லும் அதுல இருக்கு. ஆளுக போட்டோல்லாம் மாட்டி வச்சிருக்காங்களாம். நீ வந்தாத்தான் எனக்கு அப்பாவக் காட்ட முடியும்."

"மூடிக் கிடக்க மில்லுல பாக்கதுக்கு என்னட்டி இருக்கு" என்றேன். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து பேர் கிளம்பினோம். கூட்டிக்கொண்டு போன பெண் இடுப்பில் ஒரு மைக்கு கட்டியிருந்தாள். வெயில் இல்லாதபோதும் மஞ்சள் குடை பிடித்திருந்தாள். "குடையப் பாத்துட்டே வாங்க, யாரும் பிரிஞ்சு போயிராதீங்க" என்றாள். புகைக்கூண்டைக் காட்டினாள். சங்கு ஊதின இடத்தைக் காட்டினாள். எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள்.

அப்புறம் லைன் வீடு. ஓடு சரிந்து வரிசையாக நின்றது. "இந்த ஒரு ரூம்ல ஆறு பேருங்க. ஒருத்தர் ஷிப்ட்டுக்குப் போனா அவர் பாயில இன்னொருத்தர் படுத்துக்குவாங்க" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். பாய் போட்டால் கால் வைக்க இடமில்லை. என்னிடம் மட்டும், நல்ல பெரிய வீடு, அடுத்த வருசம் கூட்டிட்டுப் போறேன் என்று நாலு வருசமும் சொன்னார்.

கூட வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், "அம்மாவுக்கு எந்த ஊரு?" என்றார்.

"சங்கரன்கோவில். இந்த மில்லுல எங்க வீட்டுக்காரரு வேல பாத்தாரு."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். குடைக்காரப் பெண் காதில் விழுந்துவிட்டது. "இன்னிக்கு நம்ம கூட மில்லுக்காரர் வீட்டம்மாவே வந்திருக்காங்க" என்று மைக்கில் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

கேட் பக்கத்து அறையில் அந்தப் போட்டோ இருந்தது. நாலு வரிசையாக ஆட்கள். கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறி, அங்கங்கே கறை. எல்லாருக்கும் ஒரே மீசை, எண்ணெய் தேய்த்து வழித்த ஒரே தலை.

"அவரு எந்த வரிசைல இருக்காருங்கம்மா?" என்றாள் குடைக்காரப் பெண்.

பதினைந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். மகள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். யாரும் அவராக இல்லை, எல்லாரும் அவராகவும் இருந்தார்கள். கையைத் தேடினேன். பின்னால் நின்றவர்களுக்குக் கை தெரியவில்லை. தெரியவில்லை தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டின புருசன் முகம் தெரியாதவள் என்று அத்தனை பேர் நடுவில் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

மூணாவது வரிசையில் உசரமாக நின்ற ஆளைத் தொட்டுக் காட்டினேன்.

மகள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். "எம்மா, நம்ம பய மூக்கு அப்படியே இருக்குல்ல?" என்றாள். "ஆமா" என்றேன்.

ரெண்டு மாசத்தில், அன்றைக்குப் போனில் எடுத்த படத்தில் அந்த ஆளை மார்பளவுக்கு வெட்டி, கம்ப்யூட்டரில் கழுவி, கலர் ஏற்றி, பெரிசாகப் பிரேம் போட்டு அவளே கொண்டு வந்தாள். வீட்டில் மாட்டி, பக்கத்தில் சிவப்பு பல்பும் போட்டாள். "பிளாஸ்டிக் மாலை வேண்டாம்மா, நீ கட்டுத பூவையே போடு" என்றாள்.

அவள் போன பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். பழைய போட்டோவில் கறை மாதிரி இருந்தது, கழுவினதில் கையாக வந்திருக்கிறது. முன்னால் நிற்கிறவன் தோளில் வலது கையைப் போட்டிருக்கிறார் அந்த ஆள். அஞ்சு விரலும் முழுசாக இருக்கிறது.

சொல்லிவிடுவது என்று ஒருநாள் போனை எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன்னே அவள் சொல்லுதாள்: "எம்மா, நானும் இங்கன ஒரு படம் மாட்டிட்டேன். தெனமும் காலைல அப்பாட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் வேலைக்குப் போறேன். தையில இவன் கல்யாணத்துக்கு அடிக்கிற பேனர்ல மேல அப்பா படந்தான்." அவளுக்கு அம்பது வயசுக்கு மேல் ஆச்சு, இப்போதுதான் அவள் வாயில் அப்பா என்ற சொல் இப்படி வருகிறது. என்ன விசயம்மா என்று கேட்டாள். மல்லி விலை ஏறிப்போச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தினமும் பூக்கட்டி அந்த ஆளுக்குப் போடுகிறேன். எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ. அவரைக் காணாமல் எவளாவது இருப்பாள்.

முன்னெல்லாம் கண்ணை மூடினால் சோறு பிசைகிற கை வரும். அதுக்கு மேலே ஒன்றும் இருக்காது. என்றைக்காவது முகமும் வரும் என்று நினைத்திருந்தேன். இப்போது வருகிறது. அரை விரல் கைக்கு மேலே இந்த ஆள் முகம் உட்கார்ந்திருக்கிறது. தள்ளினாலும் போகவில்லை.