தூங்காத சார்ஜென்ட்

“நான் தூங்கல” என்று சொல்லிக்கொண்டேதான் சார்ஜென்ட் விழிப்பார். சோற்றுத் தட்டில் கை கிடக்கும், செய்தித்தாள் முகத்தின் மேல் கிடக்கும், முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல் காதோரம் தயங்கி நிற்கும். யாராவது தோளைத் தொட்டால் போதும், கண் திறக்கும் முன்னே வாய் திறந்துவிடும். “தூங்கல. கண்ண மூடி யோசிச்சிட்டு இருந்தேன்.” யோசிக்கிறவருக்குக் குறட்டை எதற்கு என்று கேட்டால், “அது மூக்கடைப்பு” என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கலாம். தூக்கத்தைத் தூக்கத்திலேயே மறைக்கிறவர் இவர் ஒருவர்தான்.

ராணுவத்தை விட்டு வந்து வருஷக்கணக்காகியும் தெரு அவரை சார்ஜென்ட் என்றே கூப்பிடுகிறது. கூப்பிடாமல் இருக்கவும் முடியாது. குப்பை கொட்டப் போனாலும் தலையில் நீலத் தொப்பி, இடுப்பில் பித்தளைக் கொக்கி போட்ட பட்டை. வீட்டு வாசலில் செருப்புகள் அணிவகுத்து நிற்கும். பேத்தி வயசுப் பிள்ளைகள்கூட அவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார்கள்.

இந்த மிடுக்கெல்லாம் படுக்கும் வரைதான். படுத்தால் குறட்டை படிப்படியாக ஏறும், உச்சிக்குப் போய்ச் சட்டென்று அறுந்துவிடும். குறட்டையோடு மூச்சும் நின்றுபோகும். பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டம்மா முழங்கையால் விலாவில் ஓர் இடி இடிப்பார், மூச்சு திரும்பி வரும். இப்படியே ராத்திரி போகும்.

“இடிச்சு இடிச்சு முழங்கை தேஞ்சு போச்சு. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்?” என்பது வீட்டம்மாவின் அன்றாடக் கேள்வி. ஆனால் இப்போது அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். தாய் போகாமல் முடியாது.

“நான் போயிட்டா உங்கள யாரு இடிப்பா?”

“ஏன், தானா மூச்சு விடத் தெரியாதவனா நான்?”

“தெரியாதே! அதானே வியாதி!”

வியாதிக்கு வழி இல்லாமலும் இல்லை. மூக்கில் கவசம் மாட்டி ராத்திரி முழுக்கக் காற்றை ஊதும் மெஷின் ஒன்று இருக்கிறது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் அதை இலவசமாகவே தருகிறார்கள். அங்கே போனால் தூக்கப் பிரிவு மாடியில் என்றார்கள். மாடியில் கேட்டால் கீழே முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். முத்திரை வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார், டீ குடித்து வந்தவரிடம் முத்திரைக்கு மை இல்லை. “ஏறி இறங்கியே எனக்கு மூச்சு நின்னுடும் போல இருக்கு. அப்ப எனக்கும் ஒரு மெஷின் குடுப்பீங்களா?” என்று வீட்டம்மா கேட்டதற்கு, ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சிரிக்காமல், “நீங்க படைவீரரா?” என்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுக்கத் தயார், வாங்க வந்த பக்தர்தான் வேண்டாம் என்கிறார். மெஷினுக்கு முன்னால் ஒரு பரிசோதனை, பரிசோதனைக்கு முன்னால் மருத்துவரின் கேள்விகள்.

“உக்காந்து படிக்கும்போது கண் அசருமா?”

“இல்ல சார்.”

“பேசிட்டு இருக்கும்போதே?”

“இல்லவே இல்ல சார்.”

“சிக்னல்ல வண்டியோட நிக்கும்போது?”

“நெவர் சார்!”

சிக்னலில் ஒரு காலை ஊன்றியபடி அவர் உறங்கி, பின்னால் நின்ற லாரிக்காரன் இறங்கி வந்து எழுப்பிய நாளிலிருந்து, ஸ்கூட்டர் சாவி மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. அதை வீட்டம்மா சொல்லத்தான் செய்தார். மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். “அவர் வாயால வரணும்மா. அப்பதான் டெஸ்டுக்கு எழுத முடியும்.” இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் வீட்டம்மாவின் தோளில் சாய்ந்து சார்ஜென்ட் நன்றாக யோசித்துக்கொண்டு வந்தார்.

காரணம் வீட்டம்மாவுக்குத் தெரியும். காவலில் நிற்கிறவன் கண்ணயர்ந்தால் ராணுவத்தில் மன்னிப்பில்லை. தொப்பியையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிவிட்டு, வெறுந்தலையும் தொளதொளத்த கால்சட்டையுமாக அதிகாரி முன் நிறுத்துவார்கள். கழற்றி வாங்குவது சார்ஜென்ட்டின் வேலை. “என் கையால எத்தன பசங்க தொப்பிய வாங்கியிருக்கேன்! இப்ப நானே போயி, நான் தூங்குறேன்னு சொல்லணுமா?”

“ஐயோ, அது காவலுங்க! இது ஆஸ்பத்திரி!” என்று வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் தடவை போனபோது மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் நல்ல கூட்டம். சார்ஜென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார், நிமிர்ந்தபடியே உறங்கிப்போனார். குறட்டை ஏறத் தொடங்கியது. பெஞ்சில் இருந்த பழைய சிப்பாய்களெல்லாம் திரும்பினார்கள். வீட்டம்மாவின் முழங்கை பழக்கத்தில் எழுந்தது.

அந்த நேரத்தில் கதவு திறந்து மருத்துவர் எட்டிப் பார்த்தார். எழுந்த கையை வீட்டம்மா இழுத்து, மற்றக் கையால் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பார்க்கட்டும், இன்றைக்காவது பார்க்கட்டும். குறட்டை உச்சிக்குப் போய் அறுந்தது. தொப்பி அசையவில்லை, சட்டைப் பொத்தான் அசையவில்லை. மருத்துவர் வாசலைத் தாண்டி வந்தார். வீட்டம்மா அழுத்திப் பிடித்திருந்த கை தன் பேச்சைக் கேட்காமல் பாய்ந்து விலாவில் இடித்துவிட்டது.

“தூங்கல சார்!”

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே” என்றார் மருத்துவர்.

சார்ஜென்ட் மனைவியைப் பார்த்தார். வீட்டம்மா அழுதுகொண்டிருந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி சண்டை போடுகிறவர், சத்தமே இல்லாமல் அழுதார். “இடிக்காம இருந்து பாத்தேன், முடியலங்க. ஒரு நிமிஷம்கூட முடியல. உங்கள இப்படி விட்டுட்டு எப்படிங்க நான் புள்ளகிட்ட போவேன்?”

சார்ஜென்ட் எழுந்து விறைப்பாக நின்றார். தொப்பியைக் கழற்றி மனைவியின் மடியில் வைத்தார். பித்தளைக் கொக்கியை அவிழ்த்து, பட்டையை உருவிச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மருத்துவர் அறைக்குள் நடந்தார்.