ஏழாவதை விட்டுவிட்டுத் திறந்த பள்ளி

1. கூட்டம்

நான் கொத்தனார் மேஸ்திரி. எட்டாவது வரை படித்தவன். பிள்ளைகளே, வேலையில் நான் செய்த தப்புகளை இடித்துத் திரும்பக் கட்டியிருக்கிறேன். இடிக்க முடியாத ஒரு தப்பைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊர். ஐந்தாவது வரைதான் பள்ளி இருந்தது. ஆறாவதுக்கு டவுன் பஸ் ஏறி வெளியூர் போக வேண்டும். எங்கள் பள்ளியை நடுநிலைப் பள்ளியாக்க உத்தரவு வந்து, புதிதாக இரண்டு அறை எழும்பியது. கட்டியது நான்தான். பெற்றோர் குழுவுக்குத் தலைவரும் நான்தான்.

ஹெச்.எம். டீச்சர் கூட்டம் போட்டுக் கேட்டார்: "இந்த வருஷம் ஆறாவது மட்டும் ஆரம்பிக்கலாமா, ஏழாவதும் சேர்த்தா? எதுன்னாலும் ஆபீஸ்ல சம்மதிப்பாங்க. நீங்க தீர்மானம் போட்டுக் குடுங்க."

கன்னியம்மா எழுந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். அவள் மகள் தேவியும் இன்னும் மூன்று பிள்ளைகளும் அப்போதுதான் வெளியூரில் ஆறாவது முடித்திருந்தார்கள்.

"மேஸ்திரி அண்ணே, ஏழாவதும் வெச்சிடுங்க. சாய்ங்காலம் பஸ்ஸு வர்றதுக்குள்ள இருட்டிப் பூடுது. பொண்ணு வூடு வந்து சேர்ற வரிக்கும் எனக்கு உசுரு இல்ல. இஸ்கூல நிறுத்திடுன்னு இவ அப்பா தெனிக்கும் பேஜார் பண்ணிக்கினு கீறாரு."

"ரூமு ரெண்டுதானம்மா கீது? ஒண்ணு கிளாஸுக்கு, ஒண்ணு ஹெச்.எம்.முக்கு. செவுரு ஒரேடியா ஏத்தினா நிக்குமா? கொஞ்சம் ஏத்தி, தண்ணி ஊத்தி, இறுகினப்புறம்தான் மேல போவணும். அடுத்த வருசம் ஏழாவது வந்துடும், உடு."

"அடுத்த வருசம் எம் பொண்ணு எட்டாவது ஆச்சே, அண்ணே?"

பின்னாலிருந்து ஒருவர், "அப்போ ஒரு வருசம் பெயிலாக்கி உடு கன்னியம்மா, சரியாப் பூடும்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கன்னியம்மா உட்கார்ந்துவிட்டாள்.

ஆறாவது மட்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. என் மகன் அந்த வருடம் ஐந்தாவது முடித்திருந்தான். எனக்கு வேண்டிய வகுப்பு வந்துவிட்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2. இரண்டாவது அறை

ஆறாவதில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஹெச்.எம். டீச்சர் நாள் முழுக்க வகுப்பிலேயே நின்றார். அவருக்கென்று நான் ஒதுக்கிய அறையில் ஒரு பீரோவும் பழைய பெஞ்சுகளும் கிடந்தன.

அந்தப் பொங்கல் லீவு முடிந்து மற்ற மூன்று பிள்ளைகளும் பஸ் ஏறினார்கள். தேவி ஏறவில்லை. விசாரிக்கப் போனேன். கன்னியம்மா உள்ளே கூப்பிடவில்லை. "இப்போ இன்னாத்துக்குண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

3. சுற்றுச்சுவர்

போன மாதம் அதே பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேலை எடுத்தேன். சித்தாளாக வந்தவர்களில் தேவியும் ஒருத்தி. இப்போது பத்தொன்பது வயது. சாப்பாட்டு நேரத்தில் அந்த இரண்டாவது அறையின் ஜன்னலோரம் போய் நின்றாள். உள்ளே ஏழாவது பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, இந்த ரூமு அப்போ சும்மாத்தான இருந்துது?"

"ஆமாம்மா."

"தெரியும். பஸ்ஸுக்குப் போவசொல்ல இந்த ஜன்னலாண்ட நின்னு பாத்துட்டுத்தான் போவேன்."

சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கலவை தூக்கப் போய்விட்டாள்.

பிள்ளைகளே, நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு குழுவில் உட்காருவீர்கள். எந்தெந்த வகுப்பு வைக்கலாம் என்று உங்களைக் கேட்பார்கள். அறையை எண்ணுவதற்கு முன்னால், பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளிடம் போய், எந்த வகுப்பு என்று கேளுங்கள். எங்கள் ஊரில் அன்று ஏழாவதுக்கு நின்றவர்கள் நான்கே பேர். ஒரு பெஞ்சு போதுமாயிருந்திருக்கும்.