நாத்தனார் முடிச்சு

என் தம்பி கட்டிய தாலியை, அவன் கட்டி முடித்த கையோடு அவிழ்த்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் முதலில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் கிளினிக்கின் மாடியில், ஞாயிறு மாலைகளில் கூடுகிற முடிச்சு ஆர்வலர் சங்கம் அது. கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போடுவோம், நிற்கிறதா என்று இழுத்துப் பார்ப்போம், அவிழ்ப்போம். வேறு வேலை இல்லை. கீழே கிளினிக் நடத்தும் டாக்டர் இருக்கிறார், பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், மலையேறுகிறவர்கள் சிலர் வருகிறார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தது பயத்தால். மகள் பிறந்த பிறகு, அவளைப் போட்டிருக்கும் தூளியின் முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று ஓயாத கவலை. குழந்தை தூங்கும், நான் கீழே உட்கார்ந்து அண்ணாந்து முடிச்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். எது நிற்கும், எது நழுவும் என்று தெரிந்துகொண்டால் நிம்மதி வரும் என்று நினைத்தேன்.

வீட்டில் இது கேலிக்கான விஷயம். பையில் கயிற்றுச் சுருளோடு கிளம்பினால் கணவர் ஆரம்பிப்பார்.

"ஊர்ல எல்லாரும் யோகா கிளாஸுக்குப் பாயோட போறாங்க. நீ கயித்தோட போற. பாக்கறவங்க என்னைத்தான் தப்பா நெனப்பாங்க."

மாமியார் சிரிக்க மாட்டார். "வெளக்கு வெக்கிற நேரத்துல கயிறு கியிறுன்னு பேசாதடா" என்பார்.

சங்கத்தில் நாங்கள் முதலில் பழகுவது இரண்டு முனைகளைச் சேர்த்துக் கட்டுவது. வலது முனையை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. அது நேர் முடிச்சு. முனைகள் கயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அவசரத்தில் இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் முனைகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். இழுத்தால் நழுவிவிடும். அதற்குக் கோணல் முடிச்சு என்று பெயர் வைத்திருந்தோம். கோணலைக் கண்டால் அவிழ்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யார் போட்டது என்று கேட்பதில்லை, பேச்சு இல்லை, கண்டவர் கை அவிழ்க்கும். யாருக்கும் கோபம் வராது. பேசிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரின் முடிச்சை அவிழ்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்வோம்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைப் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி, பெண்ணின் பின்னால் நின்று போட வேண்டும். நான் ஒரே அக்கா. வெளியே சொல்லவில்லை என்றாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னல் கம்பியில் மஞ்சள் நூலைச் சுற்றிப் பழகினேன். பிறகு சந்தேகம் வந்தது. அவன் எந்த முனையை மேலே போடுவான் என்று தெரிந்தால்தானே நான் அடுத்ததைச் சரியாகப் போட முடியும்? போன் செய்து கேட்டேன்.

"வலதா, இடதா?" என்றான். "அக்கா, தாலி கை நழுவாம இருந்தா போதும்னு நானே சாமிய வேண்டிக்கினு இருக்கேன். நீ வேற."

கோவிலம்பாக்கத்தில் மண்டபம். ஐயர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம்" என்றார். தவில் இடித்தது, அட்சதை தலையில் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். நான் பூச்சரத்தை ஒதுக்கி நூலைப் பிடித்தேன். என் மகள் முன்வரிசையில் "அம்மா" என்று அழுவது கேட்டது. ஒரு கணம் அங்கே பார்த்தேன். கை அதற்குள் இரண்டாவது முடிச்சைப் போட்டுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் முனைகள் குறுக்கே நின்றன.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். என் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் முடிச்சைப் பிரித்தன. என்னுடையது போனதும் அடியில் தம்பி போட்ட ஒற்றைச் சுற்றுக்குப் பிடிமானம் இல்லை. அதுவும் தானாகவே பிரிந்தது. இரண்டு முனைகளும் இரண்டு கைகளில் தனித்தனியாக நின்றன.

மணப்பெண் சட்டென்று கையை நெஞ்சின் மேல் வைத்துத் தாலியை அழுத்திக்கொண்டாள். திரும்பவில்லை. அவள் பின்கழுத்து மயிர் சிலிர்த்து நின்றதை நான் பார்த்தேன்.

ஐயர் பார்த்துவிட்டார். மேளக்காரர்களை நோக்கி உயர்த்திய விரலை இறக்காமலே, குனிந்து, "மாப்ள, திரும்புங்கோ. இன்னொரு தரம் போடுங்கோ" என்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் நான் அவன் கையைப் பிடிக்காமல் ரோட்டைக் கடந்துவிட்டால் பார்ப்பானே, அப்படி. திரும்பப் போட்டான். நான் மற்ற இரண்டையும் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. மண்டபத்தில் பலருக்கும் தெரிந்ததெல்லாம் மேளம் கொஞ்சம் நீண்டது மட்டும்தான்.

ஆனால் பெண்ணின் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

பந்தியில் என்னைத் தேடி வந்தார். கோபமாக வந்திருந்தால் அழுதிருப்பேன். அவர் தணிந்த குரலில்தான் பேசினார்.

"நீ வேணும்னு பண்ணலம்மா. அது எனக்குத் தெரியும். ஆனா அவுந்துதுல்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கோணல் முடிச்சு, நேர் முடிச்சு என்று எதையோ ஆரம்பித்தேன். என் அம்மா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்.

"போதும். உன் கிளாஸ எங்க வந்து நடத்துற?"

அவர்கள் இருவரும் பரிகாரம் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எந்தக் கோவில், எந்தக் கிழமை என்று. நான் இலையில் இருந்ததைத் தொடாமல் எழுந்தேன். ஒரு பெண் வாழ்நாள் முழுவதும், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கு அவிழ்ந்ததே என்று நினைக்கப்போகிறாள். அதுதான் என்னை உலுக்கியது. இந்த நினைப்பு எப்படி வளரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மணப்பெண் அறையில் அவள் தனியாக இருந்தாள். சேலை மாற்ற உதவிக்கு ஆள் வரக் காத்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாங்கக்கா" என்றாள். "நான் ரொம்ப பயந்துட்டேன்."

"நானும்தான்."

"இன்னும் பயமாத்தான் இருக்கு. கதவ சாத்துங்க." சாத்தினேன். அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "முடிச்சு தெரிஞ்சவங்கதானே நீங்க. இப்ப இருக்கறது அவுராதுல்ல? பாத்துச் சொல்லுங்க."

பூச்சரத்தைத் தூக்கினேன். முனைகள் குறுக்கே நின்றன. பதற்றத்தில் அதே கோணலைத்தான் மறுபடியும் போட்டிருக்கிறேன். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, சங்கத்தில் யாரும் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காத மாதிரி. விரல்கள் தாமாகவே அங்கே போயின. அவள் தோள்கள் இறுகுவது தெரிந்தது. முடிச்சுகளை நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்தி, என்னால் முடிந்தவரை இறுக்கினேன். மஞ்சள் ஈரம் விரலில் ஒட்டியது.

"அவுராது" என்றேன்.

அவள் கையைப் பின்னால் கொண்டுவந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் பாத்துச் சொல்லுங்கக்கா."

பார்த்தேன். சொன்னேன்.